தேய்ந்த எழுத்தும் மாற்று உறுப்பும்: தமிழ்க் கைவிசை அச்சுக்கூடங்களின் வரலாற்றில் பழுதுநீக்கத்தின் இடம் (1578–1862)

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் அச்சு வரலாறு பெரும்பாலும் முதல் நூல், முதல் இதழ், முதல் அகராதி என்னும் ‘முதல்’களின் வரிசையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஓர் அச்சுக்கூடம் தொடங்கப்பட்டது எவ்வாறு என்பது விரிவாகப் பேசப்படுகிறது. அது பத்தாண்டு, ஐம்பதாண்டு எவ்வாறு ஓடியது என்பது பேசப்படுவதில்லை. தேய்ந்த எழுத்துக்கு மாற்று எழுத்து, தீர்ந்த தாளுக்கு மாற்றுத் தாள், இறந்த அச்சருக்கு மாற்று ஆள் ஆகியவை எங்கிருந்து கிடைத்தன என்னும் கேள்வியைக் கொல்லம், அம்பலக்காடு, தரங்கம்பாடி, வேப்பேரி, செராம்பூர், யாழ்ப்பாணம், சென்னை ஆகிய இடங்களின் அச்சு முயற்சிகளை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கைவிசை அச்சுப்பொறி, எழுத்து வார்ப்பு, தரங்கம்பாடி, சீகன்பால்கு, செராம்பூர், வித்தியாநுபாலன யந்திரசாலை, திரை அச்சு

முன்னுரை

ஏட்டில் எழுதுவோருக்கு எழுத்தாணி முறிந்தால் அடுத்த தெருவிலுள்ள கொல்லர் போதும். ஏடு தீர்ந்தால் பனை இருக்கிறது. சுவடிப் பண்பாடு தன் கருவிகளுக்காகக் கடலைப் பார்த்திருந்ததில்லை. தமிழகக் கரையில் இறங்கிய அச்சுப்பொறியின் நிலை இதற்கு நேர்மாறானது. பொறி ஓரிடத்திலிருந்தும் எழுத்து வேறோரிடத்திலிருந்தும் தாள் மற்றோரிடத்திலிருந்தும் கப்பலில் வந்தன. அவற்றுள் ஒன்று தாமதித்தாலும் மற்றவை பயனற்றுக் கிடந்தன. தமிழில் அச்சு 1578இலேயே தொடங்கியிருந்தும் அது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை விட்டுவிட்டே நிகழ்ந்தமைக்குச் சமயக் காரணங்களும் அரசியல் காரணங்களும் கூறப்படுவதுண்டு. அவை பொய்யல்ல. ஆனால் கருவியின் பக்கமிருந்து பார்க்கும்போது அவ்விடைவெளிக்கு வேறொரு விளக்கமும் கிடைக்கிறது.

கைவிசைப் பொறியில் எது தேயும்?

18ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த பொறி மரத்தாலானது. இரு மரத்தூண்கள், அவற்றை இணைக்கும் விட்டங்கள், நடுவே உலோகத் திருகு, திருகை இயக்கும் நெம்புகோல், அதன்கீழ்த் தாளை அழுத்தும் தட்டையான பலகை, எழுத்துகள் அடுக்கிய சட்டத்தைத் தாங்கி உள்ளும் புறமும் ஓடும் மேடை ஆகியவையே அதன் பெருவுறுப்புகள். தாளைப் பிடித்துக்கொள்ளத் தோல் போர்த்திய சட்டமொன்றும், ஓரங்களில் மை படாமல் காக்க மெல்லிய மறைப்புச் சட்டமொன்றும் உண்டு. கம்பளி மயிர் திணித்துத் தோல் போர்த்திய கைப்பந்துகளால் மை ஒற்றப்பட்டது.

இவற்றுள் மரவேலையைத் தச்சரும், தோல்வேலையைத் தோல் பதனிடுவோரும், ஆணி, கீல், தகடு முதலியவற்றைக் கொல்லரும் உள்ளூரிலேயே செய்துவிட இயலும். திருகு ஒன்றே சிக்கலானது. அதன் புரி ஒழுங்காக அமையாவிட்டால் அழுத்தம் பக்கத்திற்குப் பக்கம் மாறும். ஆயினும் நன்கு செய்யப்பட்ட திருகு ஒரு தலைமுறைக்கு மேலும் உழைக்கும். ஆகவே பொறியின் உடல் அச்சுக்கூடத்தை நிறுத்திவிடக்கூடிய உறுப்பன்று. நிறுத்தக்கூடியவை எழுத்தும் தாளும்தான்.

எழுத்து ஈயக் கலவையால் ஆனது. ஈயம் மென்மையானது. ஒவ்வோர் அழுத்தத்திலும் எழுத்தின் முகம் சிறிது மழுங்குகிறது. பெட்டியிலிருந்து எடுத்துக் கோத்தல், அச்சிட்டபின் கழுவுதல், மீண்டும் பிரித்துப் பெட்டியில் இடுதல் ஆகிய ஒவ்வொரு கட்டத்திலும் சில எழுத்துகள் உடைகின்றன, சில தொலைகின்றன. இது எம்மொழிக்கும் பொது. தமிழுக்குரிய தனித் தொல்லை எழுத்துருக்களின் எண்ணிக்கையில் உள்ளது. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி மெய் 18, இகர ஈகார உயிர்மெய் 36, உகர ஊகார உயிர்மெய் 36 என 121 உருக்கள். இவற்றோடு பழைய வடிவங்களான ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குரிய 7 உருக்களும், தனித்து நிற்கும் துணைக்குறிகள் 4உம் சேர்ந்தால் 132 ஆகும். புள்ளியிடாத வழக்கில் 18 குறையும். கிரந்த எழுத்தும் எண்களும் சேர்ந்தால் கூடும். ரோமன் எழுத்தில் சிறியதும் பெரியதுமாக ஐம்பத்திரண்டு உருக்களோடு வேலை முடிந்துவிடும்.

இவ்வெண்ணிக்கையின் விளைவை அச்சுக் கோத்தவர்களே நன்கு உணர்ந்திருப்பர். ‘ங’ வரிசை உயிர்மெய்கள் பெட்டியில் புதிதாகவே கிடக்கும். ‘க’, ‘த’, ‘ம’, ‘ன்’ ஆகியவை தீர்ந்துவிடும். ஒரு பாரத்தில் ‘ன்’ போதவில்லையெனில் அப்பாரம் முழுவதையும் அச்சிட்டுப் பிரித்த பிறகே அடுத்ததைக் கோக்க முடியும். எத்தனை படிகள் தேவை என்பதை முன்பே முடிவு செய்து, அத்தனையையும் ஒரே முறையில் எடுத்துவிட வேண்டும். பின்னர்க் கூடுதல் படி வேண்டுமெனில் முதலிலிருந்து கோக்க வேண்டியதுதான்.

மாற்று எழுத்தைப் பெற வழி ஒன்றே. எஃகுக் கோலின் முனையில் எழுத்தைத் தலைகீழாக வெட்டி, அதைச் செம்புத் துண்டில் அடித்துப் பள்ளமாக்கி, அப்பள்ளத்தை வார்ப்புக் கருவியில் பொருத்தி உருகிய உலோகத்தை ஊற்ற வேண்டும். அச்சுத் தொழிலாளர் முன்னதைப் பஞ்ச் என்றும் பின்னதை மேட்ரிக்ஸ் என்றும் வழங்குவர். இவ்விரண்டும் கையில் உள்ள அச்சுக்கூடத்திற்கு எழுத்துத் தேய்வு ஒரு நாள் வேலை. இல்லாத அச்சுக்கூடத்திற்கு அது முடிவின் தொடக்கம்.

கொல்லமும் அம்பலக்காடும்

1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கமுள்ள சிறு நூல். அதன் இறுதிப் பக்கம் இவ்வாய்வுக்கு முதன்மையானது. கோவாவில் 1577இல் வார்க்கப்பட்ட எழுத்தும், கொல்லத்தில் 1578இல் வார்க்கப்பட்ட எழுத்தும் அப்பக்கத்தில் அடுத்தடுத்துக் காட்டப்பட்டுள்ளன. முன்னதை யுவான் கொன்சால்வசும் பின்னதை யோவான் த பரியாவும் செய்தனர். முதல் தமிழ் நூலே மாற்று எழுத்தைக் கொண்டு அச்சான நூல் என்பதை இப்பக்கம் காட்டுகிறது. ஓராண்டுக்குள் இரண்டாம் எழுத்து தேவைப்பட்டது. அதை உள்ளூரிலேயே வார்க்கவும் முடிந்தது. அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வெளிவந்ததும், 1586இல் அன்றிக்கே அன்றீக்கசின் ‘பிளோஸ் சாங்தோரும்’ போன்றதொரு பெருநூல் இயன்றதும் இப்பின்புலத்திலேயே புரிந்துகொள்ளத்தக்கவை. அதன்பின் அந்த வார்ப்புத் திறன் அடுத்த தலைமுறைக்குச் செல்லவில்லை.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1679இல், அம்பலக்காட்டில் அந்தோம் த புரோயென்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி அச்சாயிற்று. ஆசிரியர் 1666இலேயே இறந்துவிட்டார். இதற்குரிய எழுத்துகளை இக்நேசியஸ் அய்ச்சாமொனி என்னும் உள்நாட்டவர் மரத்தில் செதுக்கினார் என்பதைப் பிற்காலத்தில் பவுலினோ பாதிரியார் பதிவு செய்துள்ளார். எழுத்து செய்த கைவினைஞரின் பெயர் நிலைத்திருப்பது தமிழ் அச்சு வரலாற்றில் அரிது. ஆனால் மர எழுத்துக்குப் பஞ்சும் இல்லை, மேட்ரிக்சும் இல்லை. உடைந்த ஒவ்வோர் எழுத்தையும் கையால் மறுபடி செதுக்க வேண்டும். இரண்டாம் முறை செதுக்கியது முதலாவதைப் போல அமையாது. அம்பலக்காட்டு முயற்சி தொடராமல் போனதைச் சபையின் ஆர்வக் குறைவாக மட்டும் படிப்பது, இக்கருவி நிலையைக் கணக்கில் கொள்ளாத படிப்பாகும்.

தரங்கம்பாடி

சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 சூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினர். ஏட்டுப் படிகளைப் பெருக்குவதற்கு ஆகும் செலவையும் காலத்தையும் கண்ட சீகன்பால்கு அச்சுப்பொறி கேட்டு ஐரோப்பாவுக்கு எழுதினார். இலண்டனில் 1698இல் நிறுவப்பட்ட கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் ஒரு பொறியையும் ரோமன் எழுத்துகளையும் தாளையும் 1711இல் அனுப்பியது. உடன் யோனாஸ் பிங்க் என்னும் அச்சரும் வந்தார். கப்பல் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரரிடம் பிடிபட்டது. பொறி தப்பியது, பிங்க் வழியிலேயே இறந்தார். 1712இல் தரங்கம்பாடியை அடைந்தது ஆளற்ற பொறி. டேனியக் கம்பெனியின் படைவீரருள் அச்சுத்தொழில் அறிந்த ஒருவர் இருந்தமையால் அது ஓடத் தொடங்கியது. அவ்வொருவர் இல்லாதிருந்தால் பொறி சில காலமேனும் மூட்டை பிரிக்கப்படாமலே கிடந்திருக்கக் கூடும். கைவிசை அச்சுக்கூடத்தில் ஆளும் ஓர் உறுப்பு. அதற்கும் மாற்றுத் தேடவேண்டியிருந்தது.

தமிழ் எழுத்துகள் செருமனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் வந்தன. அவற்றோடு யோகான் கோட்லீப் ஆட்லர் என்னும் அச்சரும் வந்தார். அவ்வாண்டே தமிழில் அச்சிடல் தொடங்கியது. ஆனால் ஹாலே எழுத்துகள் மிகப் பெரியவை. தமிழ் எழுத்தை ஏட்டில் கண்டிராத ஒருவர், அனுப்பப்பட்ட மாதிரி வடிவங்களைப் பார்த்து வெட்டும்போது நெளிவும் சுழியும் சிதையாதிருக்கப் பெரிய அளவையே தேர்வது இயல்பு. பெரிய எழுத்து தாளை விழுங்கியது. தாளோ கப்பலில் வரவேண்டியது. புதிய ஏற்பாடு முழுவதையும் அவ்வெழுத்தில் அச்சிடக் கையிருப்புத் தாள் போதாது என்பது தெளிவாயிற்று.

ஆட்லர் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார். அதற்கு ஈயம் வேண்டும். இலண்டன் கழகம் அனுப்பிய பாலாடைக் கட்டிகள் பொதிந்து வந்த ஈய உறைகளே உருக்கப்பட்டன என்பது அச்சு வரலாற்று நூல்களில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதை வேடிக்கைத் துணுக்காகவே பலரும் மேற்கோள் காட்டுவர். உண்மையில் அதில் வேடிக்கை குறைவு. ஐரோப்பாவிலிருந்து எழுத்தை வரவழைக்க விண்ணப்பமும் மறுமொழியும் சரக்கும் மூன்று கடற்பயணங்கள் செய்ய வேண்டும். பருவக்காற்றைப் பொறுத்து அது ஓராண்டுக்கும் மேலாகும். அடுக்களைக் கழிவை உருக்குவது சில நாள் வேலை. நால்வர் நற்செய்தியும் அப்போஸ்தலர் நடபடிகளும் அடங்கிய பகுதி 1714இலும், புதிய ஏற்பாடு முழுவதும் 1715இலும் நிறைவுற்றமைக்கு இவ்வுள்ளூர் வார்ப்பு காரணங்களுள் ஒன்று.

பொறையாற்றில் எழுத்து வார்ப்புக்கூடமும் தாள் ஆலையும் அமைக்கப்பட்டன; மையும் உள்ளூரிலேயே காய்ச்சப்பட்டது. இவற்றுள் தாள் ஆலை நீடிக்கவில்லை. எழுத்து வார்ப்பு நீடித்தது. இவ்வேறுபாடு கவனிக்கத்தக்கது. தாளுக்குக் கந்தல் துணி, நிறைந்த நீர், அரைக்கும் பொறி, இடைவிடாத உழைப்பு ஆகியவை வேண்டும். அதன் தேவை நாள்தோறும் எழுவது. எழுத்து வார்ப்புக்கோ ஒரு முறை வெட்டிய பஞ்ச் வரிசையும், உருக்கிய உலோகத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வசதியும் போதும். தேய்ந்த எழுத்தே புதிய எழுத்தின் மூலப்பொருள். ஓட்டை உடைசலைக் கொடுத்துப் புதுப் பாத்திரம் வார்த்துக்கொள்ளும் கன்னார் தெருவின் கணக்கே இங்கும் நிகழ்ந்தது.

சீகன்பால்கு 1719இல் மறைந்த பின்னும் அச்சுக்கூடம் நிற்கவில்லை. அவர் ரூத் நூல் வரை பெயர்த்திருந்த பழைய ஏற்பாட்டைச் சூல்சே முடிக்க, அது 1723 முதல் 1728 வரை பகுதி பகுதியாக அச்சாயிற்று. கொல்லத்திலும் அம்பலக்காட்டிலும் நிகழாதது இங்கு நிகழ்ந்தது. நிறுவியவரும் முதல் அச்சரும் போனபின்னும் கூடம் ஓடியது.

சிறிய எழுத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. ஏட்டில் எழுத்தின் அளவையும் வளைவையும் தீர்மானித்தது ஓலை நரம்பு. ஹாலேயில் அதைத் தீர்மானித்தது வெட்டுபவரின் கண். தரங்கம்பாடியில் தீர்மானித்தது தாளின் விலை. எழுத்துச் சீர்திருத்தத்தின் வரலாற்றை வீரமாமுனிவரோடு தொடங்குவது மரபு. அவர் ஏட்டெழுத்துக்குச் செய்ததை அது விளக்கும். அச்செழுத்து சிறுத்ததையும் இறுகியதையும் விளக்கத் தாள் கணக்கைப் பார்க்க வேண்டும்.

வேப்பேரியும் செராம்பூரும்

1761இல் ஆங்கிலப் படை புதுச்சேரியைக் கைப்பற்றியபோது அங்கிருந்த அச்சுப்பொறியும் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டது. கம்பெனியிடம் அதை ஓட்ட ஆள் இல்லை. வேப்பேரியிலிருந்த பப்ரீசியஸ் பாதிரியாரிடம், அரசின் அச்சு வேலைகளையும் செய்து தரவேண்டும் என்னும் உடன்பாட்டோடு அது ஒப்படைக்கப்பட்டது. 1779இல் அவரது தமிழ்–ஆங்கில அகராதி வேப்பேரியிலிருந்தே வெளிவந்தது. சென்னையின் அச்சு வரலாறு போர்க் கொள்ளைப் பொருளிலிருந்து தொடங்கியது என்பதைவிட, பொறி வைத்திருந்த அரசு ஆள் வைத்திருந்த மிஷனைத் தேடிச் சென்றது என்பதே இங்குக் குறிக்கத்தக்கது.

தமிழ் எழுத்தின் மாற்று உறுப்பு பற்றிய மிகத் தெளிவான சான்று தமிழகத்திற்கு வெளியே, வங்கத்தின் செராம்பூரில் கிடைக்கிறது. அதுவும் தரங்கம்பாடியைப் போல டேனியர் குடியேற்றமே. கேரி, வார்டு ஆகியோரின் அச்சுக்கூடத்தில் பஞ்சானன் கர்மகார் என்னும் வங்கக் கொல்லரும் அவர் மருமகன் மனோகரும் பல இந்திய மொழிகளுக்கு எழுத்து வெட்டினர். 1812 மார்ச்சு 11 அன்று அக்கூடம் தீப்பற்றியது. புதிதாக வார்க்கப்பட்டிருந்த தமிழ் எழுத்துகள் உட்படப் பல மொழி எழுத்துகள் உருகிப் போயின. பெருந்தொகைத் தாளும் கையெழுத்துப் படிகளும் சாம்பலாயின. ஆனால் இடிபாடுகளைக் கிளறியபோது எஃகுப் பஞ்சுகள் பெரும்பாலும் பழுதின்றிக் கிடைத்தன. அச்சுப்பொறிகளும் தப்பியிருந்தன. உருகி உறைந்த உலோகத்தையே அள்ளி மீண்டும் வார்த்து, சில வாரங்களில் அச்சு வேலை தொடர்ந்தது. மீட்க இயலாமற்போனவை கையெழுத்துப் படிகளே.

பஞ்ச் உடைய கூடமும் பஞ்ச் இல்லாத கூடமும் ஒரே விபத்தை எதிர்கொண்டால் என்னாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கர்மகார் என்னும் சொல்லே கொல்லர் என்று பொருள்படும் குடிப்பெயர். மொழிபெயர்த்தோரின் பெயர் தலைப்புப் பக்கத்தில் நிற்க, கூடத்தை மீட்டது கொல்லரின் வேலை.

யாழ்ப்பாணமும் சென்னையும்

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனுக்குப் பொறி கிடைத்தது, ஆள்தான் தடைப்பட்டது. 1820இல் அச்சர் ஜேம்ஸ் காரெட் வந்து சேர்ந்தபோது, ஆட்சியிலிருந்த பார்ன்ஸ் அவரை இலங்கையை விட்டு வெளியேறப் பணித்தார். பொறி நல்லூரிலிருந்த சர்ச் மிஷன் கைக்கு மாறியது. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் இயங்கத் தொடங்கியது 1834இல், ஈஸ்ட்மன் ஸ்ட்ராங் மைனர் என்னும் அச்சர் வந்தபிறகே. ‘உதயதாரகை’ (1841), மானிப்பாய் அகராதி (1842) ஆகியவை அதன்பின் விளைந்தவை.

இந்தியாவில் 1835ஆம் ஆண்டின் அச்சுச் சட்டம் உரிமத் தடையை நீக்கியது. அதன்பின் தமிழர் நடத்திய அச்சுக்கூடங்கள் பெருகின என்பர். சட்டம் தடையை நீக்குமேயன்றி எழுத்தைத் தராது. 1849இல் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து வந்தது அச்சுப்பொறி வாங்கவே. திருவாவடுதுறையில் ‘நாவலர்’ பட்டம் பெற்றது அப்பயணத்தில்தான். வண்ணார்பண்ணையில் அவர் நிறுவியது ‘வித்தியாநுபாலன யந்திரசாலை’. அக்காலத் தலைப்புப் பக்கங்களில் அச்சுக்கூடம், முத்திராட்சரசாலை, யந்திரசாலை என்னும் மூன்று பெயர்களும் காணப்படுகின்றன. முத்திராட்சரசாலை எழுத்தைச் சுட்டுகிறது. யந்திரசாலை பொறியைச் சுட்டுகிறது. கூடத்தின் உயிர் எதில் உள்ளது என்பதில் அன்றே இருவேறு பார்வை இருந்தது போலும்.

இதே காலத்தில் பொறியின் உடலும் மாறிக்கொண்டிருந்தது. 1800ஐ ஒட்டி ஸ்டான்ஹோப், 1813இல் கொலம்பியன், 1820ஐ ஒட்டி ஆல்பியன் என இரும்புப் பொறிகள் வந்தன. இவற்றில் திருகின் இடத்தை நெம்புகோல் அமைப்புகள் படிப்படியாகப் பிடித்தன. ஒரே இழுப்பில் முழுப் பக்கமும் அச்சாகும். அழுத்தம் சீராக விழும். ஆனால் வார்ப்பிரும்பு வளையாது, விரிசல் விடும். மரப் பொறியின் விட்டம் பிளந்தால் தச்சர் மாற்றிவிடுவார். ஆல்பியனின் சட்டம் பிளந்தால் உள்ளூர்ப் பட்டறையில் அதை ஒட்டவைக்க அன்று வழியில்லை. எழுத்தில் தன்னிறைவு பெற்று வந்த அதே அரை நூற்றாண்டில், பொறியுடலில் தமிழ் அச்சுக்கூடங்கள் புதிதாக வெளிநாட்டைச் சார்ந்தன. அச்சுத் தொழில்நுட்பம் ‘உள்ளூர்மயமானது’ என்று ஒரே திசையில் எழுதப்படும் வரலாறு இவ்விடத்தில் திருத்தப்பட வேண்டியது.

சென்னையில் அமெரிக்க மிஷன் அச்சகத்தைப் பொறுப்பேற்ற பி. ஆர். ஹண்ட், சிறியதும் தெளிவானதுமான தமிழ் எழுத்துகளை உருவாக்கியதற்காக அறியப்படுபவர். 1862இல் அவர் அச்சிட்ட வின்சுலோ அகராதியில் 67,452 சொற்கள் உள்ளன. அது ஒரே தொகுதியாக அடங்கியதற்கு நுண்ணெழுத்தே காரணம். ஹாலே எழுத்தின் அளவில் அதைக் கோத்திருந்தால் நூலகத்தில் ஓர் அடுக்கு முழுவதும் தேவைப்பட்டிருக்கும்.

திரை அச்சு: ஓர் ஒப்பீடு

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிற்றூர்களில் அழைப்பிதழுக்கும் துணிப்பைக்கும் பயன்பட்ட கைத்திரை அச்சு, மேற்கண்ட வழியில் வந்ததன்று. 1907இல் மான்செஸ்டரின் சாமுவேல் சைமன் பெற்ற காப்புரிமை அதன் நவீன வடிவத்தின் தொடக்கங்களுள் ஒன்று. ஆயினும் மாற்று உறுப்பு என்னும் கேள்வியில் அது மரப் பொறிக்கு நெருங்கிய உறவு. அடிப்பலகை, சட்டம், சட்டத்தைத் தூக்கி இறக்கும் கீல், மையை வழிக்கும் ரப்பர்ப் பட்டை, சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி ஆகிய ஐந்தே உறுப்புகள். தனியெழுத்து என்பதே இல்லை. ஆரணி, சேத்துப்பட்டு போன்ற நெசவூர்களில் தறிச்சட்டம் செய்யும் தச்சரால் அச்சுச்சட்டமும் செய்ய இயலும். கீல் இரும்புக் கடையில் கிடைப்பது. ரப்பர்ப் பட்டையின் விளிம்பு மழுங்கினால் தேய்த்துக் கூராக்கலாம்.

எஞ்சுவது வலைத்துணி. தொடக்க காலத்தில் அது பட்டாகவே இருந்தது; ‘பட்டுத்திரை அச்சு’ என்னும் பெயரும் அதனால் வந்தது. ஆனால் பட்டு நெய்யும் ஊரின் பட்டு இதற்கு உதவாது. சேலைப் பட்டில் பாவும் ஊடையும் நெருங்கி நிற்கும். மை ஊடுருவ வழியிராது. திரைக்கு வேண்டியது இழைக்கும் இழைக்கும் இடையே ஒரே அளவு இடைவெளி உள்ள, இழுத்துக் கட்டினாலும் இழை நகராத வலை. ஐரோப்பாவில் அத்தகைய பட்டுவலை முன்பே ஆயத்தமாக இருந்தது. மாவு ஆலைகளில் மாவு சலிப்பதற்காகச் சுவிட்சர்லாந்தில் நெய்யப்பட்டு வந்த துணி அது. பின்னர் நைலானும் பாலியெஸ்டரும் அதன் இடத்தைப் பிடித்தன. சேத்துப்பட்டுத் தறியில் பட்டு ஓடிக்கொண்டிருக்க, பக்கத்துத் தெருவின் அச்சுச்சட்டத்துக்குரிய வலை மட்டும் இன்றும் வெளியூர்க் கடையிலிருந்து மீட்டர் கணக்கில் வாங்கப்படும் பொருளாகவே உள்ளது.